கறுப்படித்த துப்பாக்கி

சனிக்கிழமை காலை, அம்மா டெனீஸ் முதியோர் இல்லத்து வேலைக்குக் கிளம்பிய ஏழாவது நிமிடம், பதினான்கு வயது ஜெத்ரோ பின்முற்றத்தில் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் தன் துப்பாக்கியைக் கிடத்தினான். பக்கத்தில் ஒரு டப்பா. கூடத்து விறகடுப்பு துருப்பிடித்தால் அடிப்பதற்காக அம்மா வாங்கி வைத்திருந்த கறுப்புப் பெயிண்ட். கடையில் போய் ஸ்ப்ரே கேட்டால் பதினாறு வயது ஆகாதவனுக்குக் கொடுக்க மாட்டார்கள். அம்மாவின் அலமாரி வயது கேட்பதில்லை.

துப்பாக்கியின் பாதிக்கு மேல் பளீர் நீலம், மிச்சம் கறுப்பு. சிறுவர்கள் கையில் இருக்கும், பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் விளையாட்டுத் துப்பாக்கி தெருவின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் பொம்மை என்று தெரிய வேண்டும் என்பதற்காக இங்கிலாந்தில் அப்படி ஓர் ஏற்பாடு. சட்டம் எழுதியவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். மைலோவை மட்டும் யோசிக்கவில்லை.

மைலோ அவன் வகுப்புத் தோழன். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் போகும் ஏர்சாஃப்ட் மைதானத்தில் தன் அண்ணனின் துப்பாக்கியை வாங்கி ஆடுவான். அண்ணன் பெரியவன், ஏர்சாஃப்ட் சங்க உறுப்பினன், சட்டம் அவனுக்கு விலக்கு கொடுத்திருந்தது, அதனால் அது முழுக் கறுப்பு. போன ஞாயிறு மதியம் அங்கே எல்லோரும் ஒரே மேசையில் பன்றியிறைச்சி ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது மைலோ ஆரம்பித்தான்.

"டேய் ஜெத், அது என்னடா, ஐஸ்குச்சியா?"

"சட்டம்டா அது."

"சட்டம் சரி. என்ன ருசி? ஒரு தடவ நக்கிப் பாக்கட்டுமா?"

மேசை முழுக்கச் சிரித்தது. ஜெத்ரோவும் சிரித்தான். பதினான்கு வயதில் அதைத் தவிர வேறு வழி கிடையாது. ஆனால் அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. உலகத்தில் அவனுக்கு எத்தனையோ பயங்கள் இருந்தன. கணக்குப் பரீட்சை, பல் டாக்டர், பக்கத்து வீட்டு நாய். இவை எல்லாவற்றையும் விடப் பெரிய பயம், அடுத்த ஞாயிறும் அந்த மேசை சிரித்துவிடுமோ என்பது.

எனவே பெயிண்ட். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதேதோ எழுதியிருந்தது. 'இருபத்துநான்கு மணி நேரம் காயவிடவும்' என்பது வரைக்கும் படித்துவிட்டு ஜெத்ரோ நிறுத்திக்கொண்டான். அதற்கு அடுத்த வரி, 'பிறகு அடுப்பை நன்றாக மூட்டிச் சூடேற்றினால்தான் பூச்சு இறுகும்' என்று இருந்தது. அவனுக்கு அது தேவைப்படவில்லை. அவன் அடித்தது அடுப்புக்கு இல்லை, துப்பாக்கிக்குத்தானே.

ஞாயிறு காலை தொட்டுப் பார்த்தான். பிசுபிசுத்தது. ஆனால் பார்வைக்கு அற்புதம். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தபோது அவனுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. வேலை நன்றாக வந்திருக்கிறது என்பதற்கு அதையே அத்தாட்சியாக எடுத்துக்கொண்டான்.

ஒன்பது மணிக்குத் தூறல். அவர்கள் ஊரான டாட்மொர்டனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறப்பதில்லை. பேருந்து நிறுத்தத்தில் மைலோ மட்டும் நின்றிருந்தான். அவன் அண்ணன் துப்பாக்கிகளைக் காரில் வைத்துக்கொண்டு முன்னாடியே போய்விட்டான்.

"எதுக்குடா பைய இப்படி அணைச்சுக்கிட்டு வர்ற? குழந்தையா உள்ள?"

"கலர் மாத்திட்டேன்."

மைலோவின் வாய் திறந்தபடியே நின்றது. "காட்டு."

"இங்க வேணாம்டா. பைய விட்டு வெளிய எடுக்கக் கூடாதுன்னு பெவ் முதல் நாளே சொன்னாங்க." பெவ் என்பவள் அந்தக் காட்டு மைதானத்தை நடத்துகிறவள், அவள் குரலுக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதில்லை.

"பெவ் இங்க நிக்கிறாங்களா? பஸ்ஸுக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. பயந்தாங்கொள்ளி."

ஜெத்ரோ எடுத்தான். அம்மா பின்னிய கம்பளிக் கையுறையோடு பிடித்து, தோளில் வைத்து, எதிரில் சாத்திக் கிடந்த ரொட்டிக் கடைக் கதவைக் குறி பார்த்தான்.

"யப்பா," என்றான் மைலோ. "நிஜம் மாதிரியே இருக்குடா." அவன் குரலில் முதல்முறையாக மரியாதை இருந்தது.

அப்போது பேருந்து வந்தது. ஓட்டுநர் இருவரையும் பார்த்தார். கதவு திறக்கவில்லை. வண்டி வேகமெடுத்துத் திருப்பத்தில் மறைந்தது.

"பாத்துட்டே போறாரு பாரு. அந்தாளு மேல புகார் குடுக்கணும்," என்றான் மைலோ.

புகார் அதற்குள் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநர்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பேருந்துக்கு அரை மணி நேரம். நிழற்குடைக்குள் உட்கார்ந்தார்கள். துப்பாக்கியைப் பைக்குள் திரும்ப வைத்தால் ஈரப் பூச்சு கெட்டுவிடும் என்று ஜெத்ரோ அதை மடியிலேயே வைத்துக்கொண்டான். எதிர்ச் சாரியில் நாயோடு வந்த ஒரு பெண்மணி பாதி வழியில் நின்று, நாயைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். மாடியில் ஒரு திரைச்சீலை ஆடி அடங்கியது. பிறகு ஒரு காரும் வரவில்லை. அந்தச் சாலையில் அப்படி ஓர் அமைதியை அவன் கேட்டதே இல்லை.

"எல்லாரும் சர்ச்சுக்குப் போயிட்டாங்க போல," என்றான் மைலோ.

அந்த ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் சர்ச்சுக்குப் போனதாக யாருக்கும் நினைவில்லை. ஜெத்ரோ சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தான். பைக்குள் வைத்துவிடலாம் என்று எழுந்தான். எழுந்தபோது துப்பாக்கி கையில் இருந்தது.

மூன்று கார்கள், சைரன் இல்லாமல் வந்தன. கதவுகள் திறந்த சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை. கதவுகளுக்குப் பின்னாலிருந்து தலைக்கவசங்கள் மட்டும் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே கறுப்பாக, நீலமே இல்லாத துப்பாக்கிகள். அந்த ஊர்ப் போலீஸ்காரர் கையில் அதுவரை அவன் பார்த்தது தேநீர்க் கோப்பை மட்டும்தான்.

"ஆயுதப் போலீஸ். அசையாத."

மைலோ ஏற்கெனவே தரையில் குப்புறக் கிடந்தான். எப்போது படுத்தான் என்று யாருக்கும் தெரியாது.

ஜெத்ரோவுக்கு மூளை நின்றுபோனது. மூளை நின்றால் உடம்பு தனக்குப் பழகியதைச் செய்யும். ஏர்சாஃப்டில் சுட்டவனுக்குப் பட்டதா இல்லையா என்று தெரியாது, பட்டவனுக்குத்தான் தெரியும். அதனால் அந்த விளையாட்டே பட்டவனின் நாணயத்தில்தான் ஓடுகிறது. குண்டு பட்டால் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். "ஹிட்" என்று கத்த வேண்டும். பிறகு ஆரம்ப இடத்துக்கு நடந்து போக வேண்டும். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளாக ஜெத்ரோ இதை ஒருமுறைகூட ஏமாற்றாமல் செய்திருந்தான். பெவ் எல்லோர் முன்னாலும் அவனைப் பாராட்டியிருந்தாள்.

அவன் கை துப்பாக்கியோடு மேலே போனது.

"ஹிட்," என்று கத்தினான்.

"கீழ போடு. துப்பாக்கியக் கீழ போடு."

கால் ஓர் அடி முன்னால் நடந்தது. அவன் நடக்கச் சொல்லவில்லை.

"நில்லு. போடு கீழ." இது வேறொரு குரல், ஒரு பெண்ணுடையது, கிட்டத்தில். அந்தக் குரலில் கோபம் இல்லை. அதைவிட மோசமான ஏதோ இருந்தது.

கீழே போட வேண்டும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. விரல்களை விரித்தான். துப்பாக்கி விழவில்லை.

காயாத பெயிண்ட் கம்பளியைக் கவ்விக்கொண்டிருந்தது. ஐந்து விரலும் விரிந்திருக்க, துப்பாக்கி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு தலைக்கு மேல் தொங்கியது. எதிரிலிருந்து பார்த்தால் அவன் போட மறுக்கிறான். கையை உதற நினைத்தான். உதறினால் குழல் அவர்கள் பக்கம் திரும்பும் என்று எங்கிருந்தோ ஓர் எண்ணம் வந்து கையைப் பிடித்தது. அன்று காலை அவனுக்கு வந்த ஒரே நல்ல எண்ணம் அதுதான்.

"ஒட்டிக்கிச்சு," என்றான். சத்தம் வரவில்லை. "அக்கா, ஒட்டிக்கிச்சுக்கா."

கண்ணை மூடிக்கொண்டான். தொடையில் சூடாக ஏதோ இறங்கியது. குண்டு பட்டுவிட்டது என்றே நினைத்தான். இல்லை, பதினான்கு வயதில் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று. துப்பாக்கியின் எடை மெல்ல மெல்லக் கையுறையை இழுத்தது. மணிக்கட்டு, உள்ளங்கை, விரல் நுனி. பிறகு கையுறையோடு சேர்ந்து அது நடைபாதையில் விழுந்தது. பிளாஸ்டிக் விழுகிற சத்தம், காலிப் பால் புட்டி விழுவது மாதிரி.

அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் யாரோ மூச்சு விட்டார்கள்.

அவனைக் கவிழ்த்துக் கைவிலங்கு போட்டார்கள். முகத்துக்கு நேரே துப்பாக்கி கிடந்தது. கம்பளி பிய்த்தெடுத்த இடத்தில் ஒரு நாணயம் அளவுக்கு நீலம் தெரிந்தது.

அரை மணி நேரத்தில் டெனீஸ் வந்தாள். வேலை உடுப்பின் மேல் மழைச் சட்டைகூடப் போடவில்லை. "என் புள்ள, அது என் புள்ளதான், வேற யாரும் இல்ல," என்று தடுப்பு நாடாவுக்கு அப்பாலிருந்தே யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். கிட்டே வந்ததும் அவள் கண், பையில் போட்டுக் கட்டிய துப்பாக்கியின் மேல் விழுந்தது.

"அது என் அடுப்புப் பெயிண்டா?"

ஜெத்ரோ தலையாட்டினான்.

"சூடு காட்டினாத்தான் கண்ணு அது காயும்," என்றாள். சொல்லிவிட்டு நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

அந்தப் பெண் போலீஸ் தலைக்கவசத்தைக் கழற்றியிருந்தார். மார்பில் ஹால்ராய்ட் என்று பெயர். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. யாரோ கொடுத்த தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறக்க அவரால் முடியவில்லை, விரல்கள் வழுக்கின. இரண்டு முறை முயன்றுவிட்டு, மூடியோடே புட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"உனக்கு எத்தன வயசு தம்பி?"

"பதினாலு."

"நீ அடி எடுத்து வச்சப்ப நான் முடிவு பண்ணிட்டேன்," என்றார். "இன்னொரு அடி வச்சா சுடறதுன்னு. அது உனக்குத் தெரியணும்." மடியிலிருந்த புட்டியை நகர்த்தி வைத்தார். "வீட்டுக்குப் போய் நான் எப்படித் தூங்கப் போறேன்னு தெரியல."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஜெத்ரோவுக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

துப்பாக்கியை அழித்துவிட்டார்கள். எச்சரிக்கைக் காகிதத்தில் அம்மாவும் அவனும் கையெழுத்துப் போட்டார்கள். பெவ் மூன்று மாதம் மைதானப் பக்கம் வரக் கூடாது என்றாள். வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டாலே அவன் வீட்டுக்குள் கைகளை மேலே தூக்கினான். ஒருமுறை பள்ளிக்கூட உணவகத்தில் தட்டோடு அப்படித் தூக்கியபோது யாரும் சிரிக்கவில்லை. மைலோ குனிந்து, சிந்திய பட்டாணியைப் பொறுக்கினான். "நான்தான்டா எடுக்கச் சொன்னேன்," என்றான் மேசைக்கு அடியிலிருந்து. "எடுத்தது நான்," என்றான் ஜெத்ரோ.

ஜூன் மாதத்தில் பெவ் அவனைத் திரும்பக் கூப்பிட்டாள். அன்று ஒன்பது புதுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். வழக்கமாகப் பாதுகாப்பு விதிகளை அவளே முழங்குவாள். அன்று, "இவன் சொல்லுவான், கேளுங்க," என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள்.

ஜெத்ரோ தரையைப் பார்த்தபடி ஆரம்பித்தான். "முகமூடிய மைதானத்துக்குள்ள கழட்டாதீங்க, வேர்த்தாலும் சரி, கண்ணாடியில ஆவி படிஞ்சாலும் சரி. வெளிய வந்து துடைங்க. கண்ணு போனா போனதுதான். உடனே சொந்தமா வாங்கிராதீங்க, ரெண்டு மூணு வாரம் இங்க வாடகைக்கு எடுத்து ஆடிப் பாருங்க. அப்புறமும் ஆசையா இருந்தா வீட்டுல பெரியவங்கள வச்சு வாங்குங்க. கொண்டு வரப்ப மூடின பையில கொண்டு வாங்க. தெருவுல எடுக்காதீங்க. யாரு காட்டச் சொன்னாலும் எடுக்காதீங்க. பெயிண்ட் அடிக்காதீங்க."

பிறகு நடந்ததைச் சொன்னான். கால்சட்டை நனைந்ததையும் சொன்னான். அதை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தான். ஆனால் பட்டதைப் பட்டது என்று ஒப்புக்கொள்கிற விளையாட்டு அது.

முன்வரிசையில் பதின்மூன்று வயது நெல் என்ற பெண் கையைத் தூக்கினாள். "ஆனா உங்களுக்குத் தெரியும்ல, அது பொம்மைன்னு? அப்புறம் ஏன் அவ்ளோ பயந்தீங்க?"

ஜெத்ரோ யோசித்தான். ஹால்ராய்டின் விரல்கள் அந்த மூடியைத் திருக முடியாமல் வழுக்கியது கண்முன் வந்தது.

"எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதே," என்றான். "நான் எவ்ளோ பயந்தேனோ அதே அளவு அவங்களும் பயந்தாங்க. அவங்க கையில இருந்தது நிஜத் துப்பாக்கி. நிஜம் மாதிரி இருக்கணும்னு ஆசைப்பட்டேன், அவங்க நிஜம்னே நம்பிட்டாங்க. உன் கையில இருக்கிறது பொம்மைன்னு உனக்குத் தெரிஞ்சாப் போதாது. எதிர்ல நிக்கிறவங்களுக்கும் தெரியணும். அது தெரியாமப் பண்ணிட்டா, அதுக்கப்புறம் அது விளையாட்டு இல்ல."