மயிலாத்தாளின் சிலிண்டர்

அந்த ஊரில் வீட்டு விமானத்தின் எஞ்சினுக்கு, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை சிலிண்டர். கோயம்புத்தூருக்குக் கிழக்கே, தறிச் சத்தம் ஓய்ந்து தென்னந்தோப்பு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது ஊர். விமானங்கள் எல்லாம் பழைய மோஸ்தர்தான். மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை, மரச்சட்டம், துணிப் போர்வை, தலையை வெளியே நீட்டி உட்காருகிற இருக்கை. உடம்பை அவரவர் வீட்டில் அவரவரே கட்டிக்கொள்வார்கள். எஞ்சினை மட்டும் ஃபிட்டர் ஆறுச்சாமியிடம் விட்டுவிடுவார்கள். அது ஆளாளுக்குக் கை வைக்கிற சமாச்சாரம் இல்லை.

சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும், ஆளுக்கு ஒன்று. அந்த ஆளுக்குக் காய்ச்சல் என்றால் அதுவும் சுடும். அவர் வெளியூர் போனால் கொஞ்சம் அடங்கி ஓடும். அவர் செத்தால் நின்றுவிடும். வெடிக்கிற முறை ஒன்று விட்டு ஒன்று: ஒன்று, மூன்று, ஐந்து, பிறகு இரண்டு, நான்கு. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால்தான் இந்தச் சுற்று எல்லோரையும் தொட்டு வரும். இரட்டைப்படை என்றால் பாதிப் பேருக்கு முறையே வராது. நான்கு பேர் இருக்கிற வீட்டில் விமானம் கோழி அடையத்தான் உதவும்.

இதனால் ஊர் ஓர் ஒழுங்கில் இருந்தது. பெண்ணைக் கொடுத்தவர்கள் அதே முகூர்த்தத்தில் பெண் எடுத்தார்கள். இரட்டைப் பிள்ளை பெற்றவளுக்குத் தனி மரியாதை. வயதானவர்கள் முடிந்தவரை ஜோடியாகவே போய்ச் சேர்ந்தார்கள். தனியாகப் போனவர்களைப் பற்றிக் கொஞ்சம் குறையாகப் பேசுவார்கள். அவர்கள் காதுபடப் பேசமாட்டார்கள், அதற்கு வழியும் இல்லை.

ஆறுச்சாமிக்கு ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் இல்லை. ஒற்றை ஆளுக்கு ஒற்றை சிலிண்டர். ஒன்றும் ஒற்றைப்படைதான், ஆகவே எஞ்சின் ஓடியது. ஆனால் ஒற்றை சிலிண்டருக்கு விமானத்தை உருட்டத் தெம்பு உண்டே தவிர, தூக்கத் தெம்பு இல்லை. தன் விமானத்தில் ஏறித் தபாலாபீஸ் வரை உருண்டு போய்த் திரும்பி வருவார். லாரிக்காரர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை நாச்சிமுத்து வீட்டு மயிலாத்தாள் இறந்துபோனாள். நாச்சிமுத்துவின் தங்கை, ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகாதவள். வழக்கம்போல நாலரைக்கு எழுந்து, அடுப்பைப் பற்றவைத்து, பாலை ஏற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் மற்றவர்கள் விழித்தார்கள். வீட்டில் மிச்சம் நாச்சிமுத்து, அவர் மனைவி குஞ்சம்மாள், இரட்டைப் பிள்ளைகளான தரணியும் பரணியும். நான்கு பேர்.

பத்தாம் நாள் நாச்சிமுத்து ஆறுச்சாமியின் பட்டறைக்கு வந்தார். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது.

"மேஸ்திரி, பதினாறாம் நாள் அம்மிணியோட சாம்பலக் கொண்டுபோயி பவானி கூடுதுறைல கரைக்கோணும். அவ சிலிண்டரக் கழட்டிப்போட்டு, இருக்கறதுல இன்னொண்ணையும் கழட்டிருங்க. மூணுல ஓடட்டும்."

"யாருதைங்க கழட்டறது?"

"அத நீங்களே பாத்துச் சொல்லுங்க. நான் காத்தாலிருந்து யோசிச்சேன், பாதீல நின்னு போகுது."

சொந்த வீட்டு விமானத்தில்தான் சாம்பல் போகவேண்டும் என்பது வழக்கம். அடுத்த வீட்டு விமானத்தில் போனவர்கள் அந்த வீட்டிலேயே விருந்தாளியாகத் தங்கிவிடுவார்கள், ஓயாமல் தண்ணீர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பஸ்ஸில் கொண்டுபோனாலோ, பவானி வருவதற்குள் கலயம் காலியாகிவிடும்.

ஆறுச்சாமி வருகிறேன் என்றார். நாச்சிமுத்து வாசல்வரை போய், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றார். ஆறுச்சாமிதான் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுபோய் விட்டார். அங்கே குஞ்சம்மாள் பாதிக் கோலத்தோடு மாவுக் கிண்ணத்தைப் பிடித்தபடி காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். பரணி ஒரு கன்னத்தை மட்டும் சவரம் செய்திருந்தான். தரணி மூன்றாவது வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அதுதான் தன் வீடு என்று நினைத்து. அந்த வீட்டுக்காரர்களும் இன்னொரு தோசை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏன் இப்படி என்று ஆறுச்சாமிக்குத் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் முப்பது வருஷமாக நினைத்திருந்தார்.

பிஸ்டனை நடுத்தண்டோடு இணைக்கிற கம்பிதான் ராடு. இந்த எஞ்சின்களில் ஒரு சிலிண்டருக்குத்தான் பெரிய ராடு உண்டு. அது நடுத்தண்டைக் கவ்விப் பிடித்திருக்கும். மற்றதெல்லாம் குட்டி ராடுகள், பெரிய ராடின் இடுப்பில் வரிசையாகத் தொங்கும். பெரியது நின்றால் மற்றவர்களுக்கு எந்த வேலையும் பாதிக்கு மேல் ஓடாது. பெரிய ராடு வீட்டுத் தலைவருடையது. கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர்தான் முதலில் வரும். நாச்சிமுத்துவுக்குக் கல்யாணமான அன்றே அவருடைய தகப்பனார் தலைமையை மகன் கையில் கொடுத்துவிட்டார். குஞ்சம்மாள் வந்ததும் ஆட்கள் ஐந்தானார்கள்: தகப்பனார், தாயார், நாச்சிமுத்து, குஞ்சம்மாள், மயிலாத்தாள். எஞ்சின் கட்ட ஆறுச்சாமியைக் கூப்பிட்டார்கள்.

கட்டுவதற்கு முன்னால் ஏழு விடியற்காலை ஒவ்வொருவர் நாடியையும் பிடித்து எண்ணவேண்டும். நாச்சிமுத்துவின் நாடி ஒரு நாள் எழுபது, ஒரு நாள் தொண்ணூறு. அவர் கனவில் யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டே இருந்தார். மயிலாத்தாளுடையது ஏழு நாளும் அறுபத்தாறு. அவள் அதற்குள் எழுந்து குளித்திருப்பாள். மணிக்கட்டு குளிர்ந்திருக்கும். ஏழு நாளும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, எண்ணிக்கை தப்பிவிடக்கூடாது என்று இருக்கலாம். ஆறுச்சாமி பெரிய ராடை அவளுக்கு மாட்டி, மேல்மூடியில் நாச்சிமுத்துவின் பெயரை அடித்துவிட்டார். மூடியைப் போட்டபின் உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள். வீடு நன்றாக ஓடவேண்டும் என்று நினைத்ததைத் தவிர அவர்மேல் குற்றம் இல்லை. ஒரு பெண்ணை அசையமுடியாமல் பூட்டுகிறோம் என்று அந்த இருபத்தெட்டு வயதில் தோன்றவில்லை. ஃபிட்டர் புத்தி ஃபிட்டர் புத்திதான்.

எஞ்சின் அருமையாக ஓடியது. அதைக் கேட்கிற சாக்கில் அவர் அந்தத் தெருவில் நடக்க ஆரம்பித்தார். அடுத்த வருஷம் தாயார் போய்ச் சேர்ந்து, வீட்டில் நான்கு பேரானார்கள். மயிலாத்தாளைக் கட்டிக்கொடுத்தால் மூன்றாகும், எஞ்சினும் ஓடும், ஊரே கணக்குச் சரி என்றது. ஆறுச்சாமி தன் மாமாவைக் கூட்டிக்கொண்டு தட்டோடு போய்ப் பெண் கேட்டார். நாச்சிமுத்து சந்தோஷமாகச் சம்மதித்தார். மயிலாத்தாள் கதவுக்குப் பின்னால் இருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை, கேட்கிற வழக்கமும் இல்லை.

ஆனால் பெரிய ராடு எஞ்சினை விட்டு வெளியே வராது, அதற்குரியவளும் வீட்டை விட்டுப் போகமுடியாது. மூன்றாக வேண்டும் என்றால் வேறு ஒன்றுதான் விழவேண்டும். தட்டு மாற்றிய நான்காம் நாள் தகப்பனார் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார். இனி மயிலாத்தாளும் போய்விட்டால் மீதி இரண்டு, எஞ்சின் ஓடாது. நாச்சிமுத்து தட்டைத் துணியில் மூடி எடுத்துவந்து, "முறை ஒத்து வர்ல மேஸ்திரி, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். ஆறுச்சாமி தப்பாக நினைத்துக்கொள்ளவில்லை. உண்மையைச் சொல்லவும் இல்லை. சொன்னால் நாச்சிமுத்துவின் தலைமை போகும், ஒரு சாவுக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கும். அதற்குப் பிறகு இரட்டையர்கள் பிறந்து எஞ்சின் மறுபடி ஐந்தாயிற்று. வருஷத்துக்கு ஒருமுறை அவரே போய் வால்வு பார்த்து, விளக்கெண்ணெய் மாற்றிவிட்டு வந்தார். மயிலாத்தாள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். அவள் அன்றைக்கு வர விரும்பினாளா என்பது மட்டும் அவருக்குத் தெரியவே இல்லை. மனிதர் வேறு எதையும் அவ்வளவு தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதில்லை.

பதினோராம் நாள் காலை விமானக் கொட்டகையில் எஞ்சினைத் திறந்தார். நாச்சிமுத்துவும் குஞ்சம்மாளும் பக்கத்தில் நின்றார்கள். நான்கு குட்டி ராடுகளும் பிடிமானம் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தன.

நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். "இந்தப் பெரிசு யார்றது?"

"அம்மிணியோடதுங்க. நாந்தான் மாட்டுனனுங்க."

"அப்ப என்ற ராடு?"

"அதா, அந்த ஓரத்துல தொங்குதுங்களே."

நாச்சிமுத்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "சிறுசாத்தான் இருக்குது" என்றார்.

ஆறுச்சாமி எல்லாவற்றையும் சொன்னார். நாடி எண்ணியதை, மூடியில் பெயரை மாற்றியதை, தகப்பனார் ஏன் இறந்தார் என்பதை. நாச்சிமுத்து அப்படியா, அப்படியா என்று கேட்டுக்கொண்டார். குஞ்சம்மாள்தான் பேசினாள்.

"அம்மிணிக்குத் தெரியுமுங்க. பசங்க பொறந்தப்ப ரெண்டு சிலிண்டர் சேக்கறதுக்குத் தொறந்து போட்டுட்டு நீங்க சாப்பிடப் போனீங்கல்ல? அப்ப ஏறிப் பாத்துட்டு வந்துச்சு."

"என்ன சொல்லுச்சுங்க?"

"கைவேலை சுத்தமா இருக்குதுன்னு சொல்லுச்சு. அப்புறம் தொட்டில ஆட்டப் போயிருச்சு."

ஆறுச்சாமிக்கு அழுகை வந்தது. எண்ணெய்க் கையால் கண்ணைத் தொடமுடியாது, ஆகவே கையை விலக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். இருபத்தைந்து வருஷம் அவள் மோர் கொண்டுவந்து வைத்ததெல்லாம் தெரிந்துகொண்டேதான். இவர் அதைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். நாச்சிமுத்துவும் குஞ்சம்மாளும் அவர் முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

பிறகு கை கழுவிக்கொண்டு நால்வர் நாடியையும் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை. பெரிய ராடை எவர் தலையில் மாட்டினாலும் ஒரு மாதம் தாங்காது. தன் நாடியைப் பிடித்துப் பார்த்தார். யாரும் இல்லாத வீட்டில் அது எதற்காகத் தாறுமாறாக ஓடும், நிதானமாக இருந்தது.

"ஒருத்தரையுங் கழட்ட வேண்டாமுங்க" என்றார். "என்ற சிலிண்டரக் கொண்டாந்து மாட்டிக்கறேன். அஞ்சாயிரும்."

"உங்க விமானம்?"

"அது தபாலாபீஸ் வரைக்குந்தானுங்களே."

"பெரிய ராடுன்னா அப்புறம் இந்த வீட்ட உட்டுப் போக முடியாதுங்களே மேஸ்திரி."

"தெரியுமுங்க."

தன் சிலிண்டரைக் கழற்றிச் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்தார். மயிலாத்தாளின் சிலிண்டரை எடுத்துத் துடைத்துச் சாமி அறையில் வைத்தார்கள். ராடு அவளுடையதுதான், அதை மாற்றவில்லை. அதன் தலையில் தன்னுடைய பிஸ்டனை வைத்துப் பிணைப்பு ஆணியைச் செருகினார். இடிக்காமல், உரசாமல் பொருந்தியது. முப்பது வருஷத்தில் அவ்வளவு சரியாக ஒன்று பொருந்தி அவர் பார்த்ததில்லை.

பதினாறாம் நாள் காலை நாச்சிமுத்து முன்னால் உட்கார்ந்தார், தரணி பின்னால் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டான். ஆறுச்சாமி விசிறியைப் பிடித்துச் சுற்றிவிட்டார். இரண்டாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. குஞ்சம்மாள் கிண்ணத்தை எடுத்து மீதிக் கோலத்தைப் போட ஆரம்பித்தாள். பரணி மறு கன்னத்தைச் சவரம் செய்ய உள்ளே போனான். விமானம் தோப்புப் பாதையில் ஓடி, தென்னை உயரம் ஏறி, பவானிப் பக்கம் திரும்பியது. ஆறுச்சாமி போகமுடியாது. அவளை வழியனுப்ப அவரால் கேட் வரைதான் வரமுடிந்தது. அங்கேயே நின்று, சத்தம் தேய்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தும் முறை தவறாமல் வெடித்துக்கொண்டு போயின.

அன்றிலிருந்து அவர் அந்த வீட்டில் இருக்கிறார். நாலரைக்குத் தானாக விழிப்பு வருகிறது. பாலை ஏற்றிவிட்டு மற்றவர்களை எழுப்புகிறார். நாச்சிமுத்து முதல் வாரத்திலேயே "அம்மிணி, காப்பி கொண்டா" என்று கூப்பிட ஆரம்பித்தார். இரட்டையர்கள் "அத்தை" என்றார்கள். மீசையை எடுக்கும்படி யாரும் சொல்லவில்லை. எஞ்சின் பழுது பார்க்க வேண்டியவர்கள் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்கள்.

தை பிறந்ததும், அவினாசிப் பக்கத்திலிருந்து ஒரு ஃபிட்டர் தன் பெரியப்பாவோடு தட்டு எடுத்துக்கொண்டு அம்மிணியைப் பெண் கேட்டு வந்தான். பெயர் சென்னியப்பன், முப்பது வயதுக்குள் இருக்கும். ஆறுச்சாமி கதவுக்குப் பின்னால் நின்று இடுக்கு வழியாகப் பார்த்தார். பையன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். நகத்தோரம் எண்ணெய்க் கறுப்பு போகாமல் இருந்தது, வருவதற்கு முன்னால் கல்லில் தேய்த்துப் பார்த்திருக்கிறான், விரல் சிவந்திருந்தது. கொட்டகையில் பரணி எஞ்சினை ஓடவிட்டிருந்தான். பையன் கதவுப் பக்கம் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, அந்தச் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டான்.

"எத்தன மணிக்கு எந்திரிப்பாங்க?" என்று பெரியப்பா கேட்டார்.

"நாலரைங்க" என்றார் நாச்சிமுத்து. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆனா பாருங்க, முறை ஒத்து வராதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார்.

அவர்கள் தப்பாக நினைத்துக்கொள்ளவில்லை. காப்பியைக் குடித்து முடித்தார்கள். ஆறுச்சாமிக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது, நெஞ்சு வலிக்கிற அளவுக்கு. கதவைத் திறந்துகொண்டு போய் அதைச் சொல்லிவிடலாம் என்று தாழ்ப்பாளில் கை வைத்தார். வெளியே அவர்கள் எழுந்து செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. யாரும் அவரைக் கேட்கவில்லை.

அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகு குஞ்சம்மாள் உள்ளே வந்தாள். அவர்கள் கொண்டுவந்த பூவில் ஒரு கண்ணியை மட்டும் கிள்ளி எடுத்துவைத்திருந்தாள். ஆறுச்சாமி அதை வாங்கிக் காதோரத்தில் செருகிக்கொண்டு, அவள் பக்கம் திரும்பினார். அவள் எட்டி, கொஞ்சம் மேலே தள்ளி வைத்துவிட்டு, இப்போது சரியாக இருக்கிறது என்றாள்.