ஜன்னல் வழியாக ஏறியவர்

2019 செப்டம்பர் 18, புதன்கிழமை. ஏஜியன் கடலில் இருக்கும் ஸ்கெலினோஸ் தீவின் துறைமுக ஊரில், காலை பத்து மணிக்குக் கடலைத் திறந்தார்கள்.

மதியம் இரண்டு மணிக்குத் தீவை ஒட்டிய கடலைச் சாத்திவிடுவார்கள். அன்றோடு சுற்றுலாப் பருவம் முடிகிறது. இனி மே மாதம்தான் திறப்பார்கள். சாத்திய கடலில் கப்பல் போகாது. கால் வைத்தால் சிமெண்டுத் தரைபோல் இருக்கும்.

கோவில்பட்டியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த சொர்ணவேலும் அவர் மனைவி செண்பகவல்லியும் அன்றைய கப்பலில் ஊர் திரும்ப வேண்டும். அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மகன் ஜெர்மனியிலிருந்து ஏற்பாடு செய்த பயணம். ஆறு நாட்கள் வெள்ளைச் சுவர்களைப் பார்த்தார்கள். கட்டித் தயிரில் தேன் ஊற்றிச் சாப்பிட்டார்கள். விடுதியில் அடுத்த அறையில் இருந்த பெல்ஜியக்காரர் திங்கட்கிழமை கலங்கரை விளக்கமாகிவிட்டார். அவர் மனைவி விளக்கத்தின் கழுத்தில் ஒரு மஃப்ளரைச் சுற்றிவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். வருடத்துக்கு இரண்டு பேர் இப்படி ஆவது உண்டு என்றார் விடுதிக்காரர்.

தீவில் எல்லோரும் கோயம்புத்தூர்த் தமிழ் பேசினார்கள். நகராட்சியின் ஏற்பாடு.

பதினொன்றே முக்காலுக்குக் கப்பல் வந்தது. கரையில் நல்ல கூட்டம். ஜன்னல்கள் கை எட்டும் உயரத்தில் திறந்து கிடந்தன. சொர்ணவேல் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். கூட்டத்தைத் தோளால் விலக்கிக்கொண்டு போனார். ஜன்னல் வழியாக எட்டி, உள்ளே ஓர் இருக்கையில் போட்டார்.

கோவில்பட்டிப் பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருடமாக இப்படித்தான் இடம் பிடித்திருக்கிறார். துணி கிடந்தால் ஆள் உட்கார்ந்த மாதிரி. அதை எடுத்துப் போட்டுவிட்டு உட்காருகிறவனைப் பேருந்தே சேர்ந்து ஏசும்.

“சீட்டுலதான் நம்பர் போட்டிருக்குல்லா? இங்கயும் வந்து இந்த வேலதானா?” என்றாள் செண்பகவல்லி.

“நம்பர் என்னத்தக் காப்பாத்தும்? துணி கெடந்தாத்தான் இடம்.”

“வெள்ளக்காரன் சிரிக்கான் பாருங்க.”

“சிரிக்கட்டும். அவன்லா நின்னுக்கிட்டு வரப்போறான்.”

மனைவியிடம் அன்பாக ஏதும் பேசியதாக அவருக்கு நினைவில்லை. ஒருநாளும் அவளை நிற்க விட்டதில்லை.

ஏறும் பலகையின் அடியில் ஸ்டாவ்ரோஸ் என்ற அதிகாரி பட்டியலோடு நின்றார். செண்பகவல்லியின் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டார். அவள் உள்ளே போனாள். அடுத்த பெயரில் பேனாவை நிறுத்தினார்.

“சொர்ணவேல் ஏறிட்டாருங்களே.”

“நாந்தான் சொர்ணவேல்.”

“இருக்கட்டுங்க. அவரு பதினொன்னே முக்காலுக்கு ஜன்னல் வழியா ஏறுனாரு. நாப்பத்தொண்ணுல உக்காந்திருக்காரு. காப்பி கூடக் குடுத்தாச்சு.”

“அது கைக்குட்டை.”

“ஒரு மனுசரப் பத்தி அப்படிப் பேசப்படாதுங்க.”

சொர்ணவேல் பாஸ்போர்ட்டைக் காட்டினார். ஸ்டாவ்ரோஸ் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சாயல் இருப்பதை ஒப்புக்கொண்டார்.

“கூடப் பொறந்தவருங்களா?”

“நானேதான்.”

“அப்ப ஆபீசுல கேட்டுப் பாருங்க. வெரசாப் போங்க. ரெண்டு மணிக்குக் கடலச் சாத்தோணும்.”

அலுவலகம் ஒரு நீண்ட நடைகூடத்தின் கடைசியில் இருந்தது. நடக்க நடக்க நடை நீண்டது. கதவுகள் கூடின. நூற்றுப் பன்னிரண்டாவது கதவருகே மூச்சு வாங்கி நின்றார். அலுவலகம் அவரிடம் வந்தது.

உள்ளே எவ்தோக்ஸியா என்ற அம்மாள் ஆலிவ் தின்றுகொண்டிருந்தாள். கொட்டைகளை உயர வாரியாக மேசையில் அடுக்கியிருந்தாள். அவர் சொன்னதை முழுவதும் கேட்டாள்.

“நீங்க கரையில இருக்கீங்கங்கறதுக்குச் சான்று இருக்குங்களா?”

“இந்தா நிக்கேன்லா.”

“நிக்கறது சான்றாகாதுங்க. தூணுகூடத்தான் நிக்குது.”

இருந்தாலும் வழி இருந்தது. கூடப் பயணம் செய்பவர் கப்பலில் இருந்தபடியே சத்தமாக வாசித்துக் கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான். எவ்தோக்ஸியா ஒரு தாளில் ஒரே ஒரு வரியைத் தட்டச்சு செய்து கொடுத்தாள்.

‘என் கணவர் சொர்ணவேல் இந்தக் கப்பலில் இல்லை.’

அவர் தாளோடு ஜன்னலுக்குப் போனபோது மணி ஒன்று பத்து. செண்பகவல்லி நாற்பத்திரண்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் கைக்குட்டை கிடந்தது. அதன் முன்னால் இருந்த கோப்பையில் காப்பி பாதி குறைந்திருந்தது.

“செண்பகம், இத வாசிச்சிட்டு ஒரு கையெழுத்துப் போடு. நான் ஏறணும்.”

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனதுக்குள் வாசித்தாள். தாளை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

“இத நான் எப்படிங்க சொல்லுவேன்?”

“ஒத்த வரிதான?”

“வீட்டுல அரிசி தீந்தாக்கூட நெறஞ்சிருக்குன்னுதான் சொல்லுதோம். கழுத்துல தாலிய வச்சிக்கிட்டு, நீங்க இல்லன்னு என் வாயால சொல்லணுமாக்கும்?”

“கப்பல்லதான் இல்லன்னு போட்டிருக்கு. நல்லாப் பாரு.”

“எங்க இல்லன்னா என்ன? வாயில வரப்பிடாது.”

“நான் ஒன் முன்னாலதான நிக்கேன்?”

“நிக்கீங்க. தெரியுது. அதனாலதான் சொல்லமாட்டேங்கேன்.”

பின்னாலிருந்து ஒரு நெட்டையான ஆள் வந்து, இந்த இடம் காலியா என்று கேட்டான். அவள் கைக்குட்டைப் பக்கம் கையை நீட்டி மறித்தாள்.

“ஆள் இருக்கு,” என்றாள்.

அவன் மன்னிப்புக் கேட்டான். மன்னிப்பைக் கைக்குட்டையிடம் கேட்டான்.

“ஏங்க,” என்றாள் அவள் திரும்பி, “வேற மாதிரி எழுதித் தரச் சொல்லுங்க. ‘வெளிய போயிருக்காங்க’ன்னு போடட்டும். ஒண்ணுக்கு நாலு கையெழுத்துப் போடுதேன்.”

நல்ல யோசனையாகத்தான் பட்டது. சொர்ணவேல் நடையில் போய் நின்றார். அலுவலகம் வரப் பதினைந்து நிமிடம் ஆனது.

“எழுதலாமுங்க,” என்றாள் எவ்தோக்ஸியா. “வெளிய எங்க போயிருக்காரு?”

“இங்கதான். ஒங்க முன்னால.”

“இது உள்ளங்க. ஆபீசு.”

“அப்ப வெளிய போயி நிக்கேன்.”

“நின்னீங்கன்னா கேக்கறதுக்கு இங்க ஆளிருக்காதுங்களே.”

அவர் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. எவ்தோக்ஸியா ஒரு வெற்றுத் தாளில் முத்திரை குத்தி, கொட்டைகள் பறக்காமலிருக்க அவற்றின்மேல் வைத்தாள்.

மணி ஒன்று நாற்பது. அவர் ஜன்னலுக்கு ஓடி வந்தார். உள்ளே ஸ்டாவ்ரோஸ் கடைசிச் சரிபார்ப்பில் இருந்தார். வரிசை வரிசையாக எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

“நாப்பத்தொண்ணு?”

செண்பகவல்லி ஜன்னலைப் பார்த்தாள். சொர்ணவேல் தலையை இடம் வலமாக ஆட்டினார். சொல்லு என்பதுபோலக் கையாலும் காட்டினார். அவள் உதடு ஒருமுறை பிரிந்தது. பிறகு மூடிக்கொண்டது.

“நாப்பத்தொண்ணுங்க?”

அவள் கைக்குட்டைமேல் கையை வைத்தாள்.

“இருக்காங்க,” என்றாள்.

ஸ்டாவ்ரோஸ் டிக் போட்டார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “வெயில்ல நிக்காதீங்க,” என்றாள்.

“சரி,” என்றார் சொர்ணவேல். அவருக்கு நின்று பழக்கம்தான்.

ஒன்று ஐம்பதுக்குப் பலகையை இழுத்தார்கள். கப்பல் கிளம்பியது. எவ்தோக்ஸியா ஒரு பேரேட்டோடு கரைக்கு வந்தாள். கரையில் விடுபட்டவர்கள் என்ற தலைப்பின் கீழ், ஒருவரும் இல்லை என்று எழுதினாள். அதற்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“நீங்க சும்மாத்தான நிக்கறீங்க. ஒரு கையெழுத்துப் போடுங்க.”

சொர்ணவேல் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார்.

கப்பல் மாலை ஆறு மணிக்குப் பிரேயஸ் துறைமுகத்தை அடைந்தது. இருநூற்றுப் பதினான்கு பேர் ஏறியிருந்தார்கள். இருநூற்றுப் பதினான்கு பேர் இறங்கினார்கள்.