வெயிலை மூச்சாக இழுத்தவர்

“நம்ம மைக்கேல் அண்ணன் ஒரு ராத்திரி பூராம் வெயிலை மூச்சா இழுத்துத்தான் உசுரோட இருந்தாரு. ஐப்பசி மழைக்குள்ள, கும்மிருட்டுல, விடிய விடிய வெயிலு!”

ராஜபாளையத்தில் மாரிசாமியின் டீக்கடையில் பாண்டிதுரை இப்படிச் சொன்னதும், பாய்லரே கொதிப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தது. அடுத்த நொடி கடை மொத்தமும் சிரித்தது. வடை தின்றுகொண்டிருந்த ஒருவருக்குப் புரையேறி, தலையில் தட்ட ஆள் தேடினார். பாண்டிதுரை பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். லடாக் குளிரில் தான் போட்ட தும்மல் தரையைத் தொடுவதற்குள் உறைந்துபோனதாகவும், அதைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதாகவும் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். ஆகவே வெயில் கதைக்கும் ஒரு சிரிப்புக்கு மேல் மரியாதை கிடைக்கவில்லை.

“அந்த மைக்கேல் அண்ணாச்சிதான் இங்கனயே உக்காந்திருக்காரே, அவரையே கேட்ருவோம்,” என்றார் மாரிசாமி.

மைக்கேல் மூலை பெஞ்சில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். நூல் மில்லில் காலமெல்லாம் உழைத்து, சம்பளத்தோடு பஞ்சுத் தூசியையும் நெஞ்சு நிறைய வாங்கிக்கொண்டவர். பாண்டிதுரைக்குப் பக்கத்து வீடு. பாண்டிதுரை சொன்ன எதையும் அவர் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று பாண்டிதுரை சொன்னால், காலண்டரைப் பார்த்த பிறகும் காலண்டர் அச்சடித்தவனைச் சந்தேகப்படுவார். கடையே அவர் வாயைப் பார்த்தது. அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

அவர் ஆற்றி முடிப்பதற்குள் நடந்ததைச் சொல்லிவிடலாம்.

பாண்டிதுரை தன் மொட்டைமாடியில் சோலார் பேனல் மாட்டியபோது, “இனி ஊரே இருட்டுனாலும் என் வீடு இருட்டாது” என்று சேத்தூர் வரைக்கும் கேட்கும்படி அறிவித்தார். முதல் மின்தடை பட்டப்பகலில் வந்தது. மேலே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மாடியில் பேனல் மினுங்குகிறது, கீழே ஃபேன் சத்தமில்லாமல் நின்றுவிட்டது. மதிலுக்கு மேலே மைக்கேலின் தலை எழுந்தது.

“என்னலே பட்டாளம், உன் சூரியனும் ஈ.பி. ஆபீசுலதான் வேலை பாக்குதாக்கும்?”

மானம் போன வேகத்தில் பாண்டிதுரை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன் போட்டார். சோலார் மாட்டிக்கொடுக்கும் சத்யப்பிரியா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

“லைன்ல கரண்டு இல்லாதப்ப உங்க பேனல் வெளிய கரண்டை விட்டா, கம்பத்துல ஏறி நிக்கிற லைன்மேன் கதி என்ன சார்? அதனாலதான் அது தானா நின்னுக்கிடுது. கட்டாகும்போதும் உங்களுக்கு ஓடணும்னா, இன்வெர்ட்டரை மாத்தி பேட்டரி சேக்கணும்.”

பேட்டரி வந்தது. புது மருமகளுக்குக்கூட அப்படியொரு வரவேற்பு இருந்திருக்காது. சந்தனம், குங்குமம், கதம்ப மாலை, உச்சியில் எலுமிச்சம்பழம். பாண்டிதுரையின் மனைவி கனகலட்சுமி பால் காய்ச்சித் தெருவுக்கெல்லாம் கொடுத்தார். சத்யப்பிரியா மாலையை ஒதுக்கிவிட்டு வயரைக் கையில் எடுத்தார்.

“லைட்டு, ஃபேன், ஃபிரிட்ஜ், அவசரத்துக்கு ஒரு பிளக்கு. இதுக்கு மட்டும் தனி லைன் இழுத்துருவோம். ஏசி, தண்ணி மோட்டாரெல்லாம் இதுல சேக்க வேணாம். இது குடத்துத் தண்ணி சார். கெணறு இல்ல.”

“எல்லாத்தையும் சேரும்மா. ஒத்த ஜெனரேட்டர வச்சு ஒரு மலையையே ஓட்டுனவன் நானு.”

“நான் சொன்னதச் சொல்லிட்டேன். பொறவு எம்மேல வருத்தப்படக் கூடாது,” என்று சொல்லி, கேட்டபடியே மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பின் வந்தது சோதனை. கரண்டு போகவே இல்லை! கரண்டு போகவில்லையே என்று சாமி கும்பிட்ட ஒரே மனிதர் தமிழ்நாட்டிலேயே பாண்டிதுரைதான். கடைசியில் ஒரு சித்திரை மாத அந்தியில் மலைப்பக்கமிருந்து காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. எங்கோ மரம் லைன்மேல் விழ, ஊர் இருண்டது. பாண்டிதுரை துள்ளிக் குதித்தார். இரண்டு அறையிலும் ஏசியைப் போட்டார். மோட்டாரைப் போட்டார். மாடியிலிருந்து வாசல்வரை சீரியல் லைட்டை ஓடவிட்டார். டிவியைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார். அந்த வெளிச்சத்தில் செண்பகத்தோப்புக் காட்டு யானைகள் விடிந்துவிட்டதென்று எழுந்து சோம்பல் முறித்தன. தெருவே வாசலில் கூடி வாயைப் பிளந்தது.

கொஞ்ச நேரந்தான். பேட்டரி நாலு தடவை கீச்சிட்டது. எல்லாம் ஒரேயடியாக அணைந்தது.

கூட்டம் சிரித்துக் கலைந்தபோது, மைக்கேலின் மனைவி ஞானபாக்கியம் மட்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, அவியளுக்குப் புழுதி ஏறி மூச்சு முட்டுது. ஆக்சிஜன் மிஷினுக்குச் செத்த நேரம் கரண்டு குடுங்க தம்பி.”

பாண்டிதுரை ஓடிப்போய் பேட்டரியின் பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்தினார். உச்சியிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு விழுந்ததுதான் மிச்சம். ஆட்டோவில் மைக்கேலைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வழி நெடுக அந்த நெஞ்சு இழுத்த இழுப்பு அவர் கைக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்த பிறகுதான் மைக்கேலின் விரல்கள் அவர் சட்டையை விட்டன.

வராந்தாவில் கனகலட்சுமி கேட்டார். “ஏன் மதினி, வெளிச்சம் இருந்தப்பவே வந்து ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?”

“வந்தேன் கனகு. ரெண்டு தடவ வாசல் கேட்டு வரைக்கும் வந்தேன். கல்யாண வீடு கணக்கா இருந்திச்சு. அம்புட்டுப் பேரு சிரிச்சுக்கிட்டு நிக்கையில, எனக்குக் கொஞ்சம் கரண்டு குடுன்னு எப்படிக் கேக்க?”

பாண்டிதுரை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வாழ்நாளில் முதல் முறையாக அவரிடம் சொல்ல ஒரு கதையும் இல்லை.

மறுநாளே சத்யப்பிரியா வரவழைக்கப்பட்டார். ஏசியும் மோட்டாரும் பேட்டரியிலிருந்து கழன்றன. தனி லைன் வந்தது. கூடத்தில் சன்னலோரம் ஒரு கட்டில், அதன் தலைமாட்டில் ஒரு பிளக்கு. அந்தப் பிளக்கில் செல்போன் சார்ஜரை மாட்டினால்கூட வீட்டில் ராணுவ நடவடிக்கை உண்டு என்று அறிவிக்கப்பட்டது.

ஐப்பசியில் ஒரு நாள் காலையெல்லாம் சுள்ளென்று வெயில். சாயங்காலம் வானம் உடைத்துக்கொண்டு கொட்டியது. கரண்டு போனது. குடையும் கையுமாக பாண்டிதுரை பக்கத்து வீட்டு வாசலில் நின்றார்.

“அண்ணே, மிஷினைத் தூக்கிட்டு வாரேன். நீங்க வந்து படுத்தாப் போதும்.”

“உன் பேட்டரி லட்சணம்தான் தெரியுமேலே. அத நம்பி வர்றதுக்கு நான் மூச்சு விடாமலே இருந்துக்கிடுவேன்.”

“நீங்க இருந்துக்கிடுவீக,” என்றார் ஞானபாக்கியம். “அதுக்குப் பொறவு நான் இருக்கணும்ல?”

மைக்கேல் முணுமுணுத்துக்கொண்டே வந்து படுத்தார். ஒரு விடிவிளக்கு, அவர் தலைக்கு மேல் ஒரு ஃபேன், அவருடைய மிஷின். வேறெதுவும் ஓடவில்லை. ஃபிரிட்ஜையும் பாண்டிதுரை பிடுங்கி வைத்துவிட்டார். ஃபேன் காற்று எட்டாத மூலையில் கொசுக்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போய் சோழபுரத்தில் இறக்கிவிடப் பார்த்தன. அவர் காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு காவலிருந்தார்.

விடிந்தது. மைக்கேல் கண் விழித்தார்.

“கரண்டு எப்பலே வந்துச்சு?”

“இன்னும் வரலண்ணே.”

“பொய்யி. ராத்திரி பூராம் மிஷின் ஓடியிருக்கு.”

“நேத்து காலையில அடிச்ச வெயிலுண்ணே. புடிச்சு வச்சிருந்தேன்.”

மைக்கேல் நம்பவில்லை. தன் வீட்டுக்குப் போய்ச் சுவிட்சைத் தட்டினார். ஃபேன் அசையவில்லை. தெருவில் எட்டிப் பார்த்தார். மிக்ஸி ஓடாமல் எல்லா வீட்டிலும் அம்மிச் சத்தம். திரும்பி வந்தபோது பாண்டிதுரை உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கியிருந்தார். முகமெல்லாம் கொசுக்கடி, கையில் காலண்டர் அட்டை. மைக்கேல் அந்த அட்டையை எடுத்துச் சற்று நேரம் அவருக்கு விசிறினார். பிறகு அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

இப்போது டீ ஆறிவிட்டது. மைக்கேல் ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தார்.

“இவன் பட்டாளத்துல செஞ்சேன்னு சொல்றதெல்லாம் பொய்யி. அந்தத் தும்மல் இருக்கே, அது சுத்தப் பொய்யி.”

கடை ஆரவாரம் செய்தது. பாண்டிதுரையின் முகம் தொங்கியது. மைக்கேல் கையை உயர்த்தினார்.

“ஆனா ஒண்ணு. இவன் வீடு கல்யாண வீடா எரிஞ்ச அன்னைக்கி எனக்கு மூச்சு இல்ல. இவன் வீடு இருட்டாக் கெடந்த அன்னைக்கித்தான் எனக்கு மூச்சு இருந்திச்சு. சோலார் போடுங்க, பேட்டரி வாங்குங்க, வேணாங்கல. பக்கத்து வீட்டுல யாருக்கு என்ன அவசரம்னு கேட்டு, அதுக்கு ஒரு பிளக்கை ஒதுக்கி வச்சிட்டுப் பொறவு உங்க சீரியல் லைட்டைப் போடுங்கப்பா. சேத்து வைக்கிறது அதுக்குத்தான், ஊருக்குக் காட்டுறதுக்கு இல்ல.”

மாரிசாமி பாய்லர் பக்கத்திலிருந்து மெல்லக் கேட்டார். “அப்ப அந்த வெயிலு, அண்ணாச்சி?”

மைக்கேல் பாண்டிதுரையைப் பார்த்தார். ஒப்புக்கொள்வது அவருக்குப் பஞ்சுத் தூசியைவிட நெஞ்சை அடைத்தது. ஆனாலும் சொன்னார்.

“இழுத்தேன்யா. ராத்திரி பூராம் வெயிலைத்தான் இழுத்தேன். நெசந்தான்.”