கட்டைவிரல் களிம்பு

மாத்திரைகள் என் வயிற்றைப் புண்ணாக்கிவிட்டதால், கட்டைவிரல் மூட்டுத் தேய்மானத்துக்கு டாக்டர் பூசிக்கொள்ளும் களிம்பு எழுதித் தந்தார். எழுபத்தாறு வயதில் லேவார்டன் நகரில் தனியாக இருப்பவள் நான். வலியைவிடப் பெரிய தொல்லையாக வந்து வாய்த்தது அந்தக் களிம்புக் குழாயின் மூடி. திருகினால் உயிர் போனது. பல்லால் கடித்தேன். கொட்டை உடைக்கும் இடுக்கியால் பிடித்துப் பார்த்தேன். அசையவில்லை.

எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் சீட்ஸேவோடு மூன்று வருடமாகப் பேச்சில்லை. மாடிப்படியில் அவர் சைக்கிளை நிறுத்துவதைப் பற்றி நான் புகார் எழுதிப் போட்டிருந்தேன். அன்று வேறு வழியில்லாமல் அவர் கதவைத் தட்டினேன்.

"என்ன, அடுத்த புகாரா?"

"இல்லீங்க. இதைக் கொஞ்சம் திறந்து தரணும்."

வாங்கிப் பார்த்தவரின் முகம் இளகியது. "அட, என் முழங்காலுக்கும் இதேதான்!" ஒரே திருகில் திறந்துவிட்டார். "இனிமே மூடிய இறுக்காதீங்க. சும்மா மேல வச்சு விடுங்க."

பத்து நாள் பூசியும் பலனில்லை. படியில் பார்த்தபோது அவரே விசாரித்தார்.

"ஒண்ணுக்கும் உதவல," என்றேன்.

"எப்போ பூசுறீங்க?"

"சாப்பிட்டதும். பூசிட்டு, பாத்திரத்தக் கழுவிடுவேன்."

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏம்மா யெல்லி, மூட்டுவலி உங்களுக்கா, சாக்கடைக்கா? முதல்ல பாத்திரத்தக் கழுவுங்க, அப்புறம் பூசுங்க. பூசினதும் ஒரு மணி நேரமாவது தண்ணியில கைய வைக்காதீங்க."

வேறு யாராவது சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிறகு தினமும் காலையில் அவரே கதவைத் தட்டி, "பூசியாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாவது வாரம் ஒருநாள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது கிழங்கில்தான் கத்தியை ஒருமுறைகூடக் கீழே வைக்கவில்லை என்று உறைத்தது. வலி அடியோடு போய்விடவில்லை, குளிர்காற்று அடித்தால் இன்றும் முணுமுணுக்கிறது. ஆனால் கை என் சொல்லைக் கேட்டது. அப்படியே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்தக் கிழங்கைப் பரட்டைக்கீரையோடு மசித்து, புகையூட்டிய சாஸேஜ் வைத்து, சட்டியும் இரண்டு தட்டுகளுமாக எதிர்வீட்டுக்குப் போனேன்.

"உப்பு பத்தல," என்றார் சீட்ஸே, வாய் நிறைய வைத்துக்கொண்டு.

நன்றி சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்றேன்.

அவர் தட்டை நீட்டினார்.