ஊருக்குப் போகாத படம்

வேலை கிட்ட இருக்கும்போது கணினியில் கைவைக்கக் கூடாது என்று இளங்கீரன் மற்றவர்களுக்கு எத்தனையோ தடவை புத்தி சொல்லியிருக்கிறான். ஜெர்மனியின் ஹம் நகரத்தில் ‘கீரன் விஷன்’ என்றால் தெரியாத தமிழ் வீடு இல்லை. கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள், செத்தவீடு எல்லாவற்றுக்கும் அவன்தான் கமரா. அப்பேர்ப்பட்டவன் புதன்கிழமை பின்னேரம், வெள்ளிக்கிழமை ஒரு செத்தவீடு இருக்கிறதென்று தெரிந்துகொண்டே, தன் மடிக்கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்தான். பழையதற்கு இனிப் பாதுகாப்பு இல்லை, மாற்று, மாற்று என்று அது மாதக்கணக்கில் நச்சரித்துக்கொண்டிருந்தது. தொலையட்டும் என்று பொத்தானை அமத்திவிட்டான். திரை மறுபடி எரிந்தபோது எழுத்துகள் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தன. புதுசு அப்படித்தான் இருக்கும் என்று மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை மயான மண்டபத்தின் பின்பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி மேசையைப் போட்டு, மூன்று கமராக்களின் வயர்களையும் செருகிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. படங்களைக் கலந்து இணையத்துக்கு அனுப்பும் மென்பொருள், கிராபிக்ஸ் கார்டைக் காணவில்லை என்றது. கார்டு உள்ளேதான் இருந்தது. அதை இயக்குகிற ட்றைவர் என்ற சின்ன மென்பொருளைத்தான் புது இயங்குதளம் தூக்கி எறிந்துவிட்டு, தன்னிடமிருந்த ஒன்றை ஒப்புக்குப் போட்டு வைத்திருந்தது. அதை வைத்துக் கடிதம் எழுதலாம், கணக்குப் பார்க்கலாம். மூன்று கமராவை நேரலையில் விட முடியாது.

இளங்கீரன் பயப்படவில்லை. பயந்திருக்க வேண்டும். ட்றைவர் தானே, கால் மணித்தியாலத்தில் போட்டுவிடலாம் என்று நினைத்தான்.

செத்தவர் தபோதரன். ஐம்பது தாண்டிய மனிதர். தொழிற்சாலையில் வேலை முடிந்து, உடுப்பு மாற்றும் அறையின் வாங்குப் பலகையில் இருந்தபடியே போய்விட்டார். மனைவி சஜிதாவும் இரண்டு பெண்பிள்ளைகளும் இங்கே. தாய் கமலநாயகியும் தங்கை தக்சாயினியும் யாழ்ப்பாணத்தில். கால் நூற்றாண்டாகத் தாயும் மகனும் ஒருவரையொருவர் தொட்டதில்லை. விசா இல்லாத காலத்தில் அவர் போக முடியவில்லை. விசா கிடைத்த காலத்தில் வீடு, பிள்ளைகளின் படிப்பு, அடுத்த வருஷம், அதற்கு அடுத்த வருஷம். இப்போது தாய் வருவதற்கு விசா கேட்டார்கள். கொழும்புத் தூதரகத்தில் நேரில் வரச்சொல்லிக் கொடுத்த நாளோ, இங்கத்தைய பாஷையில் டெர்மின், எரித்து முடிந்து மூன்று வாரம் கழித்து. சாவுக்கும் டெர்மின் எடுத்துக்கொண்டு வர வேண்டும் போலிருக்கிறது.

அதனால் ஊர் வீட்டு விறாந்தையில் பெரிய டிவியை வைத்து, அதற்கு முன்னால் தாயை இருத்துவதென்று முடிவாயிற்று. வாய்க்கரிசி போடும் நேரம் கமரா தபோதரனின் முகத்தைக் கிட்டக் காட்ட வேண்டும். அங்கே தாய் அந்த முகத்தைப் பார்த்து அரிசி போடுவார். கொரோனாக் காலத்தில் பழகிய ஏற்பாடு. குருக்களும் பிழையில்லை என்றுவிட்டார். பெற்றவளுக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு பிடி அரிசிதான். அதற்கு இளங்கீரன் பொறுப்பு.

டோர்ட்முண்டிலிருந்தும் எசனிலிருந்தும் ரயிலில் வந்த சனம் மண்டபத்தை நிறைத்துவிட்டது. கறுப்புக் குளிர்க்கோட்டுகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். பெட்டியை உள்ளே கொண்டுவர முதல் இளங்கீரன் மைக்கைப் பிடித்தான்.

“எல்லாரும் தயவுசெய்து போனை நிப்பாட்டி வையுங்கோ. ஒருத்தரும் லைவ் போடாதேங்கோ, படமும் எடுக்காதேங்கோ. எல்லாரும் போட்டால் லைன் இழுபட்டு ஊருக்குப் போற படம் நிண்டிடும். நாங்கள் வடிவா அனுப்புறம்.”

அதில் பாதி உண்மை. மற்றப் பாதி, போன மாதம் ஒரு செத்தவீட்டில் யாரோ ஒரு மருமகன் போனில் போட்ட லைவை, இவன் அனுப்பிய லைவைவிட அதிகம் பேர் பார்த்துவிட்டார்கள். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. சனம் நல்ல சனம். சொன்ன உடனே கைப்பைக்குள்ளும் சட்டைப் பைக்குள்ளும் போன்களை வைத்துவிட்டது.

பெட்டி வந்தது. மூடி திறந்தார்கள். சஜிதாவின் அழுகை மண்டபத்தைப் பிளந்தது. இளங்கீரன் திரும்பவில்லை. அவன் போனிலிருந்து இணையத்தை எடுத்து ட்றைவரை இறக்கிக்கொண்டிருந்தான். பச்சைக்கோடு நத்தை வேகத்தில் ஊர்ந்தது. ஒருவழியாக இறங்கி, நிறுவத் தொடங்கியதும் பழைய ட்றைவரின் மிச்சசொச்சம் கிடக்கிறது, தொடர முடியாது என்றது.

முன்னால் நடுக்கமராவைப் பிடித்துக்கொண்டு நின்ற சுரேன், கமராவைத் தாங்கியில் பூட்டிவிட்டு ஓடிவந்தான். இளங்கீரனோடு ஐந்து வருஷமாகச் சேர்ந்து வேலை செய்பவன்.

“அண்ணை, என்ன, போகுதோ?”

“இல்லையடா. பழசைக் கழட்டிப்போட்டுப் போட வேணும்.”

“அப்ப என்ரை போனிலை போடுவம். நான் கிட்டப் போய்ப் பிடிக்கிறன்.”

“விசரோ உனக்கு? கனடா, லண்டன் எல்லாம் பாத்துக்கொண்டு இருக்குது. முந்நூறு பேர். ஆடி ஆடி ஒரு போன் படம் போனால் நாளைக்கு ஆர் எங்களைக் கூப்பிடுவினம்?”

“தாய் மனுசி பாக்க வேணும் அண்ணை.”

“பாக்கத்தான் போறா. நீ போய் முகத்திலை போக்கசை வை. பதினைஞ்சு நிமிசத்திலை விடுவன்.”

சுரேன் கமராவுக்குத் திரும்பிப் போனான். அவன் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். இளங்கீரனோடு வாயைக் கொடுத்து வாங்கிக்கட்டியவன் என்பதால் சொல்லவில்லை.

பழையதைக் கழற்றி, கணினியை நிறுத்தி எழுப்பினான். அது எழும்பும் வரை குருக்கள் மணியடித்துச் சுண்ணம் இடிக்கிற ஓசை முதுகில் விழுந்துகொண்டிருந்தது. திரை வந்தது. போய்ப் பார்த்தால் அதே ஒப்புக்கு வைத்த ட்றைவர் மறுபடியும் உட்கார்ந்திருந்தது. இளங்கீரனுக்குக் கோபம் தலைக்கேறியது. பிறகும் கழற்றினான், பிறகும் எழுப்பினான், பிறகும் அதுவே வந்து குந்தியது.

மேசையில் கிடந்த போனில் தக்சாயினியின் செய்திகள் வரிசையாக விழுந்தன. தம்பி, படம் வரேல்லை. தம்பி, அம்மா தலைக்குக் குளிச்சிட்டு வந்து இருக்கிறா. தம்பி, எங்கடை பக்கம் பிழையோ? இப்ப வரும் அக்கா என்று ஒரு பதில் போட்டுவிட்டுப் போனைக் குப்புறப் போட்டான்.

காரியங்களை முன்னின்று நடத்திய சோதிலிங்கம் வந்தார். தபோதரனின் பெரியப்பா மகன், அறுபது வயது, சத்தமாகக் கதைக்கத் தெரியாதவர்.

“தம்பி, ஊருக்குப் போகுதோ?”

“இப்ப போகும் அண்ணை.”

“பிள்ளையள் பந்தம் பிடிச்சு முடிஞ்சுது. இனி வாய்க்கரிசிதான்.”

“கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ அண்ணை. கிட்ட வந்திட்டன்.”

சோதிலிங்கம் மண்டபப் பொறுப்பாளரான ஜெர்மன் பெண்ணிடம் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அடுத்த குடும்பம் வெளியே காத்து நிற்கிறது என்று அவள் கண்ணாடிக் கதவைக் காட்டினாள். தாய் இலங்கையில் இருந்து பார்க்கிறார் என்று இவர் சொன்னதும் அவள் முகம் இளகியது. பத்து நிமிஷம் தருகிறேன், அதற்கு மேல் என் கையில் இல்லை என்றாள். வாய்க்கரிசி போட வரிசையில் நின்ற சனம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் நின்றது. ஊரிலிருந்து தாய் பார்க்கட்டும் என்று, கடன் வாங்கிய அந்தப் பத்து நிமிஷத்தில், போன்களை எல்லாம் அணைத்து வைத்துக்கொண்டு, எண்பது பேர் சும்மா நின்றார்கள்.

அப்போதாவது இளங்கீரன் எழும்பி ஒரு போனை வாங்கிக்கொண்டு முன்னால் போயிருக்கலாம். போக நினைக்கவும் செய்தான். ஆனால் அந்த நேரம் பார்த்துத்தான் அவனுக்கு விஷயம் பிடிபட்டது. இணையம் இருக்கிற வரைக்கும் இந்த இயங்குதளம் தன் ட்றைவரைத் தானே இறக்கிப் போட்டுக்கொள்கிறது. இணையத்தை அறுத்துவிட்டுப் போட்டால் சரி. எவ்வளவு சின்ன விஷயம்! அவனுக்குச் சந்தோஷம்கூட வந்தது. போனின் இணையத்தை நிறுத்தினான். கழற்றினான். புதியதை நிறுவினான். தொண்ணூற்றிரண்டு வீதத்தில் அது நின்று யோசித்தது. அந்த எண்ணைத் தவிர உலகத்தில் வேறொன்றும் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. பின்னால் வரிசை நகரத் தொடங்கியதும், சோதிலிங்கம் இரண்டு தடவை அவனைத் திரும்பிப் பார்த்ததும், பிள்ளைகள் “அப்பா” என்று ஒன்றாகக் கத்தியதும் அவனுக்குக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தன.

கணினி எழும்பியது. எழுத்துகள் பழைய அளவுக்குச் சிறுத்திருந்தன. மென்பொருளைத் திறந்தான், போனை மறுபடி இணைத்தான். கார்டு தெரிந்தது. சிவப்புப் பொட்டு எரிந்தது. மூன்று கமராவும் கண்ணாடி மாதிரித் துலங்கின.

“வந்திட்டுது!” என்று இளங்கீரன் கையைத் தூக்கிக் கத்தினான்.

மண்டபம் முழுக்கத் திரும்பியது. நடுக்கமராவின் படத்தில், வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு கைகள் பெட்டி மூடியின் கடைசித் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தன. மூடிக்கு மேல் ரோஜாப் பூக்கள். ஒவ்வொரு இதழும் தனித்தனியாகத் தெரிந்தது. யாழ்ப்பாணத்து டிவியில் கமலநாயகி பார்த்த முதல் படம் அது.

போன் அதிர்ந்தது. எடுத்தான்.

“தம்பி, மூடியாச்சு போல கிடக்குது…” தக்சாயினியின் குரல் உடைந்திருந்தது. “அம்மா கைக்குள்ளை அரிசியை வைச்சுக்கொண்டு இருக்கிறா. விரிக்கிறா இல்லை. ஒருக்கா, ஒரே ஒருக்கா திறக்கச் சொல்லுங்கோ தம்பி.”

அவன் போனைப் பிடித்துக்கொண்டு அரக்கப்பரக்க முன்னால் ஓடினான். அவன் போய்ச் சேர முதல் பெட்டி தள்ளுவண்டியில் உள்கதவைத் தாண்டிவிட்டது. பொறுப்பாளர் பெண் கதவுக்குக் குறுக்கே நின்றாள். மன்னிக்க வேண்டும், உள்ளே போனதைத் திருப்ப எனக்கு அனுமதி இல்லை என்றாள். அவளுடைய கண்ணும் கலங்கியிருந்தது. அவளோடு சண்டை பிடிக்கவும் இளங்கீரனுக்கு ஒரு வழி இருக்கவில்லை. பத்து நிமிஷம் தந்தவள் அவள்தான்.

“ஏலாதாம் அக்கா,” என்றான் போனில். “எல்லாம் கமராவிலை பதிஞ்சு கிடக்குது. பின்னேரமே அனுப்பி விடுறன்.”

“பதிஞ்சதை வைச்சு அரிசி போட ஏலுமோ?” என்று தக்சாயினி கேட்டாள். பிறகு, “அங்கை இவ்வளவு சனம் நிண்டது. ஒருத்தரிட்டையும் போன் இல்லையோ தம்பி?” என்றாள்.

அவனைச் சுற்றிலும் சனம் வெளியே போய்க்கொண்டிருந்தது. போகிற போக்கில் ஒவ்வொருவராக, அணைத்த போன்களை மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த முட்டாள் வேலைக்கு வந்ததை நினைத்து இளங்கீரனுக்குத் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மறுபக்கம் போன் கைமாறுகிற சத்தம் கேட்டது.

“தம்பி, நான் தபோவின்ரை அம்மா கதைக்கிறன்.” அழுது முடித்த குரல் இல்லை. இன்னும் அழத் தொடங்காத குரல். “நீங்கள்தானே ராசா படம் பிடிச்சனீங்கள்?”

“ஓம் அம்மா.”

“அப்ப கிட்ட நிண்டிருப்பியள். முகம் எப்பிடி இருந்தது?”

காலையிலிருந்து அவன் பார்த்துக்கொண்டிருந்தது சுவரையும் திரையையும். தபோதரன் எப்படி இருப்பார் என்றே அவனுக்குத் தெரியாது.

“நித்திரை கொள்ளுற மாதிரித்தான் இருந்தவர் அம்மா.”

“தாடியை வழிச்சு விட்டவையோ? போன மாசம் போனிலை கதைக்கேக்கை தாடியும் மீசையுமாக் கிடந்தான். வழியடா, வழியடா எண்டு எத்தினை தரம் சொன்னனான். பிள்ளையை அப்பிடியே அனுப்பிப் போடுவினமோ எண்டு இரவு முழுக்க எனக்கு அதுதான் யோசினை.”

“ஓம் அம்மா. வடிவா வழிச்சு விட்டிருந்தவை.”

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

“அது காணும் தம்பி. அது காணும் எனக்கு. நீங்கள் அந்த வீடியோவை அனுப்பி விடுங்கோ. நான் ஆறுதலா இருந்து பாக்கிறன்.”

அழைப்பு நின்றது. இளங்கீரன் நிமிர்ந்தான். கமராவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற சுரேன், அவனைப் பார்த்துத் தன் தாடையைத் தடவிக் காட்டி, இல்லை என்று தலையாட்டினான்.