அதிகாரி முன் வாசித்த பாடம்

ஏழாம் வகுப்பில் பாதிப் பேருக்கு எழுத்துக்கூட்டக்கூட வராது. டீச்சர் தலைகீழாக நின்று பார்த்துவிட்டாள். ஒண்டி ஆளாக எத்தனை பேருக்குத்தான் சொல்லித் தருவது? வாசிக்கச் சொல்லித்தர தனியாக ஓர் ஆசிரியர் வேண்டும் என்று நாயாய் அலைந்த பிறகு, அதிகாரி நேரில் வந்து பார்க்கச் சம்மதித்தார். பிள்ளைகள் தடுமாறுவதை அவர் கண்ணால் பார்த்தால் போதும், ஆள் கிடைத்துவிடும்.

அந்தப் பள்ளியில் ஒரு கேடுகெட்ட வழக்கம் உண்டு. அதிகாரி வந்தால், ஏதோ ஒரு பாடத்தைப் பிள்ளைகளை உருப்போட வைத்து, அதையே வாசிப்பதுபோல் ஒப்பிக்க விடுவார்கள். "இந்தத் தடவை அந்தக் கூத்து வேண்டாம் சார்" என்று தலைமையாசிரியரிடம் கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்திருந்தாள்.

அதிகாரி வந்தார். கடைசி பெஞ்சு வாயாடியை எழுப்பினார். அம்மா விடிவதற்குள் வீட்டுவேலைக்குப் போய்விடுவதால், தம்பிக்கு ஊட்டிவிட்டு தினமும் தாமதமாக வருகிறவள். தன் பெயரைத் தவிர எதையும் வாசிக்கத் தெரியாது.

"உனக்குப் பிடிச்ச பாடத்தைப் படிம்மா."

மடமடவென்று படித்தாள். பக்கத்திலிருந்தவனும் அதே பாடத்தைப் பொரிந்து தள்ளினான். உருப்போட்டது என்று டீச்சருக்குப் புரிந்துவிட்டது.

"பிரமாதம்! இதுக்கா இத்தனை நடை நடந்தீங்க? அந்த ஆளை வேற ஸ்கூலுக்கு அனுப்பிடுறேன்."

"சார், அது வந்து..."

வகுப்பே கைதட்டியது. பள்ளிக்கு வந்த நாள் முதல் வாயாடிக்கு யாரும் கைதட்டியதில்லை. முகமெல்லாம் பல்லாக நின்றாள். அந்த முகத்துக்கு முன்னால் இவளுக்குப் படிக்கத் தெரியாது என்று எந்தப் பாவி சொல்வாள்?

அதிகாரி கார் ஏறியதும் வாயாடி ஓடிவந்தாள்.

"போன தடவை ஒப்பிக்கும்போது நாங்க திணறினதுக்கு ஹெச்.எம். உங்களைத்தானே கிழிச்சாரு? அதான் கிளாஸ் லீடர் சொல்லச் சொல்ல, உங்களுக்குத் தெரியாம உருப்போட்டோம். உங்க மானத்தைக் காப்பாத்திட்டோம்ல டீச்சர்?"

"காப்பாத்திட்டீங்கடி."

யாரை நொந்துகொள்வது? பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. கரும்பலகையைத் துடைத்துவிட்டு, முதல் எழுத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள்.

"ஐயோ டீச்சர், மறுபடியுமா?" வாயாடி சிணுங்கினாள். "எனக்குத்தான் படிக்க வருதுன்னு அந்த சாரே சொல்லிட்டாரே!"