மாத்திரை நின்ற எட்டு நாள்

பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலைக்குப் போனவர்கள் தண்ணீரோடு திரும்புவதற்குள் தங்கச்சியின் தலையில் சீயக்காய் தேய்த்து முடித்துவிடப் பார்த்தாள் பஞ்சம்மாள். பெஞ்சில் கிடந்த செவ்வந்தியின் வயிறு ஏழு மாதக்காரியைப் போல மேடிட்டிருந்தது. உயிரோடு இருந்தபோது அந்த வயிற்றில் மூன்று மாதம் தாண்டி ஒன்றுகூடத் தங்கியதில்லை. பஞ்சம்மாளுக்கு அழுகை வரவில்லை. நேற்றிலிருந்தே வரவில்லை.

“வெரசாத் தேயுத்தா. பொழுது சாயுறதுக்குள்ள தூக்குனாத்தான் நாளைக்கு முளைப்பாரி எடுக்க முடியும்” என்றாள் தண்ணீர் மொண்டு கொடுத்த பக்கத்து வீட்டு ராமலெட்சுமி. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஊருக்குள் பிணம் கிடந்தால் சாமி கிளம்பாது.

செவ்வந்திக்கு இருந்தது ரத்தம் தானாக உறைகிற வியாதி. உடம்பு தன்னையே பகையாளியாக நினைத்துக்கொள்கிறது, பிள்ளை தங்காததற்கும் அதுதான் காரணம் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். ஆயுசுக்கும் மாத்திரை. அதைப் போட்டால் ரத்தம் உறையாது, சரி. மாதத் தீட்டும் பன்னிரண்டு நாளுக்கு நிற்காதே. அம்மனுக்கு இருட்டறையில் தானியம் முளைக்க வைக்கிற பத்து நாளும் சுத்தமாக இருக்க வேண்டும். போன வருஷம் மூன்றாம் நாளே தீட்டாகி, பாரியைப் பாதியில் விட்டு வெளியே வந்தாள். “பிள்ளைதான் தங்கலைன்னா, பாரியுமா தங்கல?” என்று தெருவில் ஒருத்தி கேட்டாள். அந்தப் பேச்சு செவ்வந்தியை வருஷம் பூராவும் அரித்தது.

“பத்து நாளுதானடி, மாத்திரைய நிறுத்திக்க. வியாதி எங்க ஓடியா போகப்போகுது?” என்று இந்த வருஷம் சொன்னது பஞ்சம்மாள்தான். பெரிய மேதாவி. எட்டாம் நாள் வயிற்றுவலி வந்தது. ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்த்ததில் ஒரு நாள் போயிற்று. மதுரைக்குக் கொண்டுபோனபோது குடலுக்குள் ரத்தக்குழாய் அடைத்துக் குடலே கறுத்துவிட்டது என்றார்கள்.

செவ்வந்தியின் புருஷன் மலையாண்டி நீர்மாலைக் குடத்தோடு சேலை மறைப்புக்குள் வந்தான். மூன்று தடவை ஊற்றினான். ஊற்றியும் போகவில்லை.

“மதினி, மாத்திரைய விட்டாளான்னு டாக்டரு கேட்டாரு. ராத்திரிக்கு ராத்திரி என் கையாலதான் குடுத்தேன்னு சத்தியம் பண்ணிட்டேன். விழுங்கத்தான செஞ்சா?”

வெளியே அவனுடைய சித்தப்பா, ஆஸ்பத்திரிக்காரனை விடக்கூடாதென்று ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி மதுரைக்குப் போய்விடும். பஞ்சம்மாளுக்கு வாய் அதற்குத்தான் திறந்தது.

“துப்பிருவா தம்பி” என்றாள்.

“அவளாவா?”

“நான்தான் சொன்னேன்.”

மலையாண்டி குடத்தைக் கீழே வைத்தான். அவளைப் பார்க்கவில்லை. துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தலைமாட்டுக்குப் போய், பெண்டாட்டியின் அக்குளுக்கடியில் கை கொடுத்தான். சேர்ந்து தூக்க ராமலெட்சுமி கால்மாட்டுக்கு வந்தாள்.

“நீங்க விடுங்க. மதினி பிடிக்கட்டும்” என்றான்.

பஞ்சம்மாள் கால்களைப் பிடித்தாள். ஈரத்தில் வழுக்கியது. கணுக்காலுக்கு மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.